கல்லீரல் புற்றுநோயும் இரத்தக் கட்டியும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நல்வாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எவரும் கேட்கலாம். இந்நாள்களில் மூலவர் முன் வைக்கப்படும் அர்ச்சனைத் தட்டுகளில் ஒரு பகுதி, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் யாரோ ஒருவரின் பெயருக்கும் நட்சத்திரத்திற்கும் உரியதாகவே இருக்கிறது. அர்ச்சனை முடிந்தபின் திருநீற்றைப் பொட்டலமாக மடித்து எடுத்துச் செல்வோர் நேரே அந்நோயாளியின் அருகில்தான் போய் நிற்கின்றனர். அவர்களுள் கல்லீரல் புற்றுநோயாளியைப் பேணிவரும் குடும்பத்தார்க்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி ஈண்டுச் சற்று விரிவாகக் கூறப்படுகிறது.

தமிழில் கட்டி என்னும் சொல் பலவற்றைக் குறிக்கும். வெல்லமும் கட்டியே, தோலில் எழும்பிப் பழுப்பதும் கட்டியே. புற்றுநோயால் உறுப்பினுள் வளரும் திரளையும் கட்டி என்கிறோம். குழாய்க்குள் குருதி உறைந்து நிற்பதையும் இரத்தக் கட்டி என்கிறோம். நம் நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவர் ஆங்கிலத்திலும் தாதியர் மலாயிலும் பேசுவர். மலாயில் முன்னது கெத்தும்புஹான்; பின்னது டாரா பெக்கு. இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனால் அவற்றைக் கேட்டுவந்த மகன் வீட்டில் தாயிடம் கூறும்போது இரண்டும் ஒரே கட்டியாகிவிடுகின்றன. "அப்பாவுக்கு ஈரலில் கட்டி, குழாயிலும் கட்டி இருக்கிறதாம்" என்ற அளவில் செய்தி நின்றுவிடுகிறது. உடனே உறவினர் ஒருவர், தம் மைத்துனருக்கு இருதய நோய் வந்தபோது கட்டியைக் கரைக்க மாத்திரை கொடுத்தார்கள் என்பதை நினைவுகூர்வார். அம்மாத்திரையில் மிச்சம் இருப்பதாகவும் சொல்வார். ஆபத்து தொடங்கும் இடம் இதுவே.

கல்லீரல் புற்றுநோயாளியின் உடலில் உண்டாகும் குழாய்க் கட்டிகள் ஒரே வகையினவல்ல. ஒன்று உறைந்த குருதி மட்டுமே. மற்றொன்று குழாய்க்குள் புகுந்து வளரும் புற்றே. பார்வைக்கு இரண்டும் அடைப்பாகத் தோன்றினும் மருத்துவம் முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கல்லீரலின் அமைப்பைப் பார்ப்போம். வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ள இவ்வுறுப்பிற்கு இரண்டு வழிகளில் குருதி வருகிறது. இருதயத்திலிருந்து தூய குருதியைக் கொண்டுவரும் தமனி ஒன்று. மற்றொன்று குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் குருதியையெல்லாம் திரட்டிக் கொண்டுவரும் பெரிய சிரை. மருத்துவர்கள் இதனைப் போர்ட்டல் சிரை என்பர். இலத்தீனில் போர்ட்டா என்றால் வாயில். ஆகவே தமிழில் வாயில் சிரை எனலாம். கல்லீரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாயில் வழியாகவே வருகிறது. உண்ட உணவின் சத்தும், உட்கொண்ட மருந்தும், குடித்த மதுவும் இவ்வழியே வந்து சேர்கின்றன. பாற்கடலில் எழுந்த நஞ்சு உலகினுள் பரவாமல் கண்டத்தில் நிறுத்தப்பட்ட கதையை அறிந்த நமக்கு, நஞ்சை முதலில் தன்னிடம் வாங்கி நிறுத்தும் இவ்வுறுப்பின் பணி எளிதில் விளங்கும்.

நெடுங்காலம் இவ்வாறு அடிபட்ட கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிக் கெட்டிப்படுகிறது. இதுவே ஈரல் சுருக்க நோய். மருத்துவமனையில் சிரோசிஸ் என்பர். கல்லீரல் புற்றுநோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே இந்நோய்க்கு ஆட்பட்டவர்கள். கெட்டிப்பட்ட ஈரலுக்குள் குருதி எளிதாக நுழையாது. வாயில் சிரையில் ஓட்டம் மந்தமாகும், அழுத்தம் ஏறும். நுழைய வழியில்லாத குருதி பக்கவழிகளைத் தேடும். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய நாளங்கள் அவ்வாறு புடைத்துவிடுகின்றன. அவை வெடித்தால் நோயாளி குருதியாகவே வாந்தி எடுப்பார்.

குருதி ஏன் குழாய்க்குள்ளேயே உறைகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. 1856-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியை வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோவின் பெயரால் அவை வழங்குகின்றன. ஓட்டம் மந்தமாதல், குழாயின் உட்சுவர் கேடுறுதல், குருதியே உறையும் தன்மை மிகுந்து போதல் ஆகியவையே அம்மூன்று. கல்லீரல் புற்றுநோயாளியிடம் மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. வாயில் சிரையில் ஓட்டம் மந்தம். புற்று குழாய்ச் சுவரை அரிக்கிறது. புற்றணுக்கள் உறைவைத் தூண்டும் பொருள்களைக் குருதியில் கலக்கின்றன.

புற்றுநோய்க்கும் உறைவுக்கும் உள்ள உறவை உலகிற்கு எடுத்துரைத்தவர் பாரிஸ் நகரின் ஒத்தேல் தியூ மருத்துவமனைப் பேராசிரியர் அர்மான் ட்ரூசோ. காரணம் தெரியாமல் கால் நாளங்களில் உறைவு தோன்றினால் உடலுக்குள் எங்கோ புற்று மறைந்திருக்கலாம் என்று 1865-இல் அவர் தம் மாணவர்க்குக் கற்பித்தார். 1867-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய உடலிலேயே அத்தகைய நாள அழற்சி தோன்றிற்று. தமக்கும் வயிற்றினுள் புற்று இருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார். அம்முடிவு சரியாகவே இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். தாம் கண்டறிந்த அறிகுறியைத் தம் உடலிலேயே படித்த மருத்துவர் என்று மருத்துவ வரலாறு இன்றும் அவரைக் குறிப்பிடுகிறது. கால்வீக்கத்தைச் சிறு செய்தியாக ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். ஈரல் சுருக்க நோயாளிக்குக் குருதி எளிதில் உறையாது. ஆகவே அவருக்கு உறைவுக் கட்டி வராது என்று மருத்துவ உலகே நெடுங்காலம் கருதி வந்தது. குருதி உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே உண்டாக்குகிறது. ஈரல் கெட்டால் அவை குறையும். வீங்கிய மண்ணீரல் இரத்தத் தட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றின் எண்ணிக்கையும் குறையும். ஐ.என்.ஆர். எனப்படும் சோதனையில் எண் உயர்ந்து காணப்படும். இவற்றையெல்லாம் வைத்து இவர் இயல்பாகவே உறைதடுப்பு மருந்து உட்கொண்டவர் போன்றவர் என்று எண்ணினர்.

ஆனால் உறைவைத் தடுக்கும் புரதங்களையும் அதே கல்லீரல்தான் உண்டாக்குகிறது. புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் முதலியவை அவை. ஈரல் கெட்டால் அவையும் குறையும். உறைவைத் தூண்டும் எட்டாம் காரணியோ பெரும்பாலும் குழாய்ச் சுவரில் உருவாவது. ஈரல் சுருக்கத்தில் அது குறையாமல் மிகுந்தே காணப்படுகிறது. துலாக்கோலின் இரு தட்டுகளிலும் எடை குறைந்து, கோல் எப்படியோ நிமிர்ந்து நிற்கும் நிலை இது. சிறு தூசு விழுந்தாலும் ஏதேனும் ஒரு பக்கம் சாயும். காய்ச்சலோ, கிருமித் தொற்றோ, அறுவை மருத்துவமோ, நாள் கணக்காகப் படுக்கையில் கிடப்பதோ அத்தூசாகலாம். ஒரே நோயாளிக்கு இவ்வாரம் குருதிக் கசிவும் அடுத்த வாரம் உறைவும் வரக்கூடும். ஐ.என்.ஆர். எண் கூடுதலாக இருக்கிறது, ஆகவே கட்டி வராது என்று குடும்பத்தார் அமைதி கொள்வதற்கு இடமில்லை.

இனி, வாயில் சிரையில் உண்டாகும் இருவகை அடைப்பிற்கு வருவோம்.

முதல் வகை, வெறும் குருதி உறைந்தது. ஈரல் சுருக்கம் மட்டும் உள்ளவர்க்கும் இது வரும். புற்று இருப்பின் வாய்ப்பு இன்னும் மிகுதி. இரண்டாம் வகையில், கல்லீரலில் வளர்ந்த புற்றே வாயில் சிரையின் கிளைக்குள் துளைத்துக்கொண்டு நுழைகிறது. அங்குச் சுவரைப் பற்றியபடி கொடிபோல வளர்ந்து பெருங்குழாயை நோக்கி நீளுகிறது. அதற்குள் புற்றணுக்களும் உண்டு; அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய தமனிகளும் உண்டு. ஆங்காங்கே உறைந்த குருதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டி என்னும் தமிழ்ச் சொல்லின் இரு பொருளும் இவ்விடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன எனலாம். கல்லீரல் புற்று கண்டறியப்படும் வேளையிலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் முதல் நாற்பது பேர் வரை இந்நிலையில் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஜப்பானிய மருத்துவர்கள் புற்று எந்தக் கிளைவரை வந்துள்ளது என்பதைக் கொண்டு இதனை நான்கு படிகளாக வகுத்துள்ளனர். நான்காம் படி, பெருங்குழாயையே எட்டிவிட்ட நிலை.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? கை நரம்பு வழியாகச் சாய மருந்தைச் செலுத்தி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கின்றனர். உறைந்த குருதிக்குள் குருதியோட்டம் இல்லை. ஆகவே அது சாயத்தை ஏற்காது. புற்று உயிருள்ளது, தமனிக் குருதியை உறிஞ்சுவது. ஆகவே சாயம் ஏறிய சில நொடிகளில் அது ஒளிர்கிறது. புற்றடைப்பு பெரும்பாலும் குழாயைப் புடைக்கச் செய்யும். அருகிலுள்ள மூலக் கட்டியுடன் தொடர்ந்தும் காணப்படும். ஏ.எஃப்.பி. எனப்படும் இரத்தக் குறியீட்டின் அளவும் மருத்துவர்க்குத் துணை செய்யும். ஆகவே, "முன்பே ஸ்கேன் எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று குடும்பத்தார் சலித்துக்கொள்ளலாகாது. அந்த இரண்டாவது படத்தின் முடிவைப் பொறுத்தே மாற்றுக் கல்லீரல் பொருத்த இயலுமா என்பது முதல் எல்லாம் அமையலாம். வெறும் உறைவு இருந்தாலும் மாற்று உறுப்பு அறுவைக்கு வழி இருக்கக்கூடும். குழாய்க்குள் புற்று நுழைந்துவிட்டால் பொதுவாக அவ்வழி அடைபடுகிறது.

வெறும் குருதி உறைவாயின் உறைதடுப்பு மருந்து பயன் தரும். உறைவு மேலும் வளராமல் தடுத்தால், உடல் தானே அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து வழியைத் திறந்துகொள்வதுண்டு. ஈரல் சுருக்க நோயாளிக்கு இம்மருந்தைக் கொடுக்க மருத்துவர் முன்னாளில் பெரிதும் அஞ்சினர். இத்தாலியில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வச்சத்தைக் குறைத்தது. ஈரல் சுருக்கம் முதிர்ந்த 70 பேரில் ஒரு பாதியினர்க்கு எனாக்ஸாபரின் ஊசி நாள்தோறும் 48 வாரங்கள் போடப்பட்டது. அவர்களுள் அக்காலத்தில் எவருக்கும் வாயில் சிரையில் உறைவு தோன்றவில்லை. ஊசி போடாத 36 பேரில் அறுவர்க்குத் தோன்றியது. புற்றுநோயாளிகளின் நிலை இதிலிருந்து வேறுபடும் என்பது உண்மையே. எனினும் கெட்ட ஈரலுக்கு இம்மருந்து எக்காலத்தும் ஆகாது என்ற எண்ணம் பிழை என்பது தெளிவாயிற்று.

இரண்டாம் வகையாகிய புற்றடைப்பையோ எந்த உறைதடுப்பு மருந்தும் கரைக்காது. அது தசைத் திரள். அதற்குப் புற்றுநோய்க்குரிய மருத்துவமே செய்ய வேண்டும். வாயில் சிரைக்குள் புற்று நுழைந்த நோயாளி மருத்துவம் இன்றி விடப்பட்டால் சில மாதங்களே வாழ்வார் என்பதைப் பழைய ஆய்வுகள் காட்டின. 2008-இல் சோராஃபெனிப் மாத்திரையின் பயன் நிறுவப்பட்டது. 2020-இல் வெளியான ஆய்வொன்றில் 501 பேர் பங்கேற்றனர். அட்டெஸோலிஸுமாப், பெவசிஸுமாப் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 67.2 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்து உயிருடன் இருந்தனர். சோராஃபெனிப் பெற்றவர்களில் 54.6 விழுக்காட்டினர் இருந்தனர். பெருங்குழாயில் புற்றடைப்பு உள்ளவர்களும் அவ்வாய்வில் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கதிரியக்க மருத்துவமும் கைவிடப்படவில்லை. தென்கொரியாவில் 90 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், கட்டிக்குச் செல்லும் தமனியை மருந்திட்டு அடைப்பதோடு கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்கள் நடுவளவாக 55 வாரங்களும், சோராஃபெனிப் மட்டும் பெற்றவர்கள் 43 வாரங்களும் வாழ்ந்தனர். இவை நோயை முற்றாகத் தீர்த்த கணக்குகள் அல்ல. ஒரு மகளின் திருமணத்தைக் காண்பதற்கும் காணாமற் போவதற்கும் இடைப்பட்ட வாரங்கள் என்று கொண்டால் அவற்றின் மதிப்பு விளங்கும்.

பெவசிஸுமாப் குருதிக் கசிவை மிகுவிக்கக்கூடிய மருந்து. ஆகவே அதனைத் தொடங்குமுன் வாய் வழியாகக் குழாய்க் கருவியை இறக்கி, உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் உள்ளனவா என்று பார்க்கின்றனர். இருந்தால் சிறு வளையங்களால் கட்டிவிடுகின்றனர். "ஈரலில் நோய் இருக்கத் தொண்டையில் என்ன பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்க்கு விடை இதுதான்.

வாயில் சிரை மட்டுமன்று. கல்லீரலிலிருந்து குருதி வெளியேறும் சிரைகளுக்குள்ளும் புற்று நுழையலாம். அங்கிருந்து பெருஞ்சிரை வழியாக இருதயத்தின் வலது அறை வரைகூட நீளலாம். மற்றப் புற்றுநோயாளிகளைப் போலவே இவர்களுக்கும் காலின் ஆழ்நாளங்களில் உறைவு உண்டாகலாம். அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிருக்கே கேடு நேரலாம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, நான்காவதாக அருகிலிருந்து கவனிப்பவன். இந்நான்காமவரே இந்நோயில் முதலில் கண்டறியக்கூடியவர். மருத்துவர் நோயாளியை மாதம் ஒருமுறை பார்க்கிறார். மனைவியோ மகளோ நாள்தோறும் காலைப் பிடித்துவிடுகின்றனர்.

ஈரல் நோயாளிக்குக் கால்கள் வீங்குவது வழக்கமே. குருதியில் அல்புமின் குறைவதால் நீர் தேங்குகிறது. ஆனால் அவ்வீக்கம் இரு கால்களிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். ஒரு கால் மட்டும் மற்றதைவிடப் பெருத்து, சூடாகவும் சிவந்தும் நோவுடனும் இருப்பின் அதனை எண்ணெய் தேய்த்து நீவிவிடலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திடீரென மூச்சு முட்டுதல், மூச்சிழுக்கும்போது மார்பு வலித்தல், இருமலில் குருதி, மயக்கம் ஆகியவை நுரையீரல் அடைப்பின் அறிகுறிகளாகலாம். அப்போது மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. 999-ஐ அழைக்க வேண்டும். சில நாள்களுக்குள் வயிறு திடீரென நீர்கோத்துப் பெருத்தாலோ, ஓயாத வயிற்றுவலி தோன்றினாலோ வாயில் சிரை அடைபட்டிருக்கலாம். குருதி வாந்தியும், தார் போன்ற கருநிற மலமும், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவதும் பெரும் அபாயக் குறிகள். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும் என்பது மெய். ஆயினும் ஈரல் நோயாளியின் வீட்டில் அதனை ஊகத்தால் முடிவு செய்யலாகாது.

உறைதடுப்பு மருந்துகளைப் பற்றியும் சில கூற வேண்டும். ஹெப்பாரின் என்னும் பெயரே கிரேக்க மொழியில் கல்லீரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்னும் மாணவர், ஆசிரியர் ஹவலின் ஆய்வுக்கூடத்தில் குருதி உறைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈரலிலிருந்து எடுத்த பொருளொன்று உறைவைத் தடுப்பதை அவர் கண்டார். உறைவால் வாடும் ஈரல் நோயாளிக்கு ஈரலின் பெயர் பூண்ட மருந்து பயன்படுவது வியப்பே. இக்காலத்தில் ஹெப்பாரினும் எனாக்ஸாபரினும் பன்றியின் குடற்படலத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. புலால் உண்ணாத அன்பர்களுள் சிலர் இதனைக் கேட்டு மனம் வருந்துவதுண்டு. அவர்கள் ஊசியைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபாண்டாபாரினக்ஸ் போன்று வேதியியல் முறையில் செய்யப்படுபவையும் உண்டு. அவை அந்நோயாளிக்கு ஏற்குமா என்பதை மருத்துவர் கூறுவார்.

வார்ஃபரின் மாத்திரையின் அளவு ஐ.என்.ஆர். எண்ணைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. ஈரல் நோயாளிக்கு அவ்வெண் முன்னரே உயர்ந்திருப்பதால் அவருக்கு இம்மருந்தைக் கையாள்வது கடினம். புதிய உறைதடுப்பு மாத்திரைகள் ஈரல் ஓரளவு நன்றாக உள்ளவர்க்குப் பயன்படுகின்றன. ஈரல் மிகத் தளர்ந்தவர்க்கு அவை தவிர்க்கப்படுகின்றன. ஆகவே மைத்துனரின் மாத்திரை ஒருக்காலும் மாமனாருக்கு ஆகாது. வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுப்பதும் தீது. அவை குருதிக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் வருவிக்கும். சமையலில் சேரும் மஞ்சளால் கேடில்லை. குப்பியில் அடைத்து விற்கும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளோ ஈரலையே தாக்கிய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன.

கீழாநெல்லியைப் பற்றிக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. சென்னை ஆய்வாளர் தியாகராஜனும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அடங்கிய குழுவினர் 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட கிருமித் தொற்றாளர்களுள் 59 விழுக்காட்டினரிடம் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் செய்த ஆய்வுகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. புற்றையோ குழாய் அடைப்பையோ கரைக்கும் என்பதற்கும் சான்றில்லை. அதனை உண்ண விரும்புவோர் மருத்துவர்க்குத் தெரிவித்துவிட்டே உண்ண வேண்டும்.

சில வேளைகளில் உறைவு இருப்பது தெரிந்தும் மருத்துவர் உறைதடுப்பு மருந்து தரமாட்டார். தட்டுகள் மிகக் குறைந்திருக்கலாம். நாளங்கள் வெடிக்கும் நிலையில் இருக்கலாம். அடைப்பு புற்றாகவே இருக்கலாம். நோயாளி இறுதி நாள்களை நெருங்கியிருக்கலாம். அது புறக்கணிப்பன்று. குடும்பத்தார் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "இது குருதி உறைவா, புற்றா?" டாரா பெக்குவா, கெத்தும்புஹானா என்று மலாயில் கேட்டாலும் விடை கிடைக்கும். அதனை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் பினாங்கிலிருந்து வரும் மூத்த மகனுக்கும் ஜொகூரிலிருந்து வரும் தம்பிக்கும் வேறு வேறு விளக்கம் போகாது.

இந்நோயின் வேர்கள் நம் சமூகத்தில் ஆழமானவை. மலேசியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதலே போடப்படுகிறது. சிங்கப்பூரில் 1987 முதல். அதற்கு முன் பிறந்தோர் ஒருமுறையேனும் இரத்தச் சோதனை செய்துகொள்வது நலம். தோட்டப்புற நாள்களிலிருந்து தொடர்ந்துவந்த சம்சுப் பழக்கம் எத்தனை ஈரல்களைச் சுருக்கியது என்பதை இம்மண்டபத்தில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவு நம் நாட்டில் இந்தியரிடையே மிகுதி என்பதைச் சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. அதனுடன் வரும் கொழுப்பு ஈரலும் புற்றில் முடியக்கூடும். ஈரல் சுருக்கம் உள்ளவர் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டால் புற்று வாயில் சிரையை எட்டுமுன் பிடிபட வாய்ப்புண்டு.

இறுதியாக நேர்த்திக்கடன் பற்றி. நோய் தீர வேண்டிக்கொண்டவர் தாமே காவடி எடுக்க விரும்புவது இயல்பு. உறைதடுப்பு மருந்து உண்பவரும், தட்டுகள் குறைந்தவரும் அலகு குத்திக்கொண்டால் குருதி எளிதில் நிற்காது. அவர் பால்குடம் எடுக்கலாம். அதுவும் இயலாதாயின் மகன் எடுக்க, அவர் நிழலில் அமர்ந்து தரிசிக்கலாம். ஈரல் சுருக்கம் உள்ளவர் நெடுநேரம் உண்ணாதிருந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அவர்க்கு இரவில் படுக்குமுன்னும் சிறிது உணவு தேவை. ஆகவே முழுநாள் உபவாசத்திற்கு மாறாக மருத்துவர் ஒப்புக்கொள்ளும் சைவ உணவு விரதமே ஏற்றது. பேருந்தில் நெடுந்தொலைவு வருவோர் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும்.

முடி காணிக்கை செலுத்துமிடத்திலும் ஒரு கவனம் தேவை. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த குருதியில்கூட, ஏழு நாள்களேனும் உயிரோடிருக்கும். மழிக்கும்போது தலையில் படும் சிறு கீறலே அதற்குப் போதுமான வழி. ஒவ்வொரு தலைக்கும் புதிய பிளேடு. ஒவ்வோர் அலகிற்கும் ஒருவரே உரியவர். பயன்படுத்திய பிளேடுகளைப் போட மூடியுடன் கூடிய கெட்டியான டப்பா. தம் முறை வரும்போது, உறை பிரிக்காத பிளேடைக் கண்ணால் பார்த்த பின்னரே அன்பர்கள் பலகையில் அமர வேண்டும். குழந்தைகளுக்கு முதல் முடி இறக்க வரும் பெற்றோர் வீட்டிலிருந்தே ஒரு பிளேடு கொண்டுவருவதும் நன்றே.